குறை சொல்கிறவர் நிற்கக் கூடாது

மஞ்சக்குப்பம்,
கடலூர்.
10-6-2025

அன்புள்ள ஜான்சிக்கு,

மாலதி டீச்சர் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் உனக்குத் தமிழ் எடுத்தவள், உன் அப்பா உட்காரும் மரத்துக்கு எதிர்ச் சந்தில் இருப்பவள் என்றால் முகம் நினைவுக்கு வரும். அயர்லாந்தில் உன் உடம்பும் ஆஸ்பத்திரி வேலையும் சீராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பேனாவை எடுத்தேன். இங்கே வெயில் இன்னும் தணியவில்லை. என் முட்டிவலி எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. மற்றபடி நான் நலம்.

உன் சித்தி பிரிசில்லா உன் போன் நம்பரையே தருவதாகச் சொன்னாள். நான்தான் முகவரி போதும் என்றேன். உன் அப்பாவைப் பற்றிய விஷயம் தாளில் வருவதுதான் முறை.

தை மாதம் அப்பாவின் அடக்கத்துக்கு வந்து மூன்றாம் நாளே கிளம்பிவிட்டாய். உன்னோடு நாலு வார்த்தை பேச முடியவில்லை. அடுத்த திங்கட்கிழமை என்ன நடந்தது தெரியுமா? கலெக்டர் ஆபீசில் மனுநாள் அல்லவா, காலை எட்டு மணிக்கே மரத்தடியில் முப்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது. தெரிந்த மீதிப் பேரும் வந்திருந்தார்கள். அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உன் அப்பா ஆரோக்கியராஜ் மனு எழுதிக் கொடுத்த முப்பத்திரண்டு வருடத்தில் அங்கே யாரும் நின்றதில்லை. அன்றைக்குத்தான் நின்றார்கள்.

நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய். வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, அப்பா எதிரில் தரையில் சிமென்ட் சாக்கை விரித்து உட்காருவார். மடியில் பரீட்சை அட்டை. நானே ஒருமுறை கேட்டேன், இதை மாற்றிப் போட்டால் எழுத வசதியாக இருக்குமே என்று. “குறை சொல்றவங்க நிக்கக் கூடாது டீச்சர். எழுதுறவன் எங்க குந்துனா என்னா?” என்றார். மனுவில் ‘தாழ்மையுடன்’ என்ற வார்த்தையையும் எழுதமாட்டார். கேட்டால், “அவுங்க கால்ல செருப்பே இல்ல. இதுக்கு மேல எங்க தாழுறது?” என்பார்.

அன்று மாலையே டீக்கடை சடையப்பன் கடையில் பேச்சு தொடங்கிவிட்டது. அண்ணனுக்கு நிலைத்து நிற்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும். சடையப்பனுக்குச் சிலைதான் வேண்டும். மார்பளவு, தோளில் சால்வை, கீழே தன் பெயரும் சின்னதாக. ஜெராக்ஸ் கடை வினோதினி விழுந்து விழுந்து சிரித்தாள். “அண்ணனுக்குச் சால்வையா? இருந்தவரைக்கும் ஒரு நல்ல சட்டை போட்டுப் பாத்திருக்கியா நீ? செல வெச்சீன்னா காக்காதான் மனு குடுக்கும்” என்றாள். ஆட்டோக்காரர்கள் வளைவு கட்டலாம் என்றார்கள். இரண்டு வாரம் இப்படியே போயிற்று.

முடித்துவைத்தவர் கொளஞ்சியம்மாள். திருவந்திபுரம் பக்கத்தில் கத்தரிக்காய் போடுகிறவர். கணவர் இறந்த பிறகு அவருக்குப் பென்ஷன் வர உன் அப்பா ஆறு மனு எழுதியிருக்கிறார். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னது: “அவுரு எங்கள குந்த வெச்சாரு. நீங்களும் குந்த வெக்கிறாப்பல எதாச்சும் செய்யுங்க. சும்மா பாத்துட்டுப் போற பொருளு எதுக்கு?”

அப்படித்தான் முடிவானது. மரத்தடியில் சாய்ந்துகொள்ள முதுகு வைத்து உயரமாக ஒரு கல் இருக்கை. எதிரே தாழ்வாக ஒரு பலகைக்கல். உயரமானது குறை சொல்பவருக்கு, தாழ்வானது எழுதிக் கொடுப்பவருக்கு. திங்கட்கிழமை தோறும் எழுத நாங்கள் முறை போட்டிருக்கிறோம். முதல் முறை என்னுடையது.

இனி என் வெட்கக் கதை. அனுமதி கேட்டு மனு எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். முப்பத்துநான்கு வருடம் கடிதம் எழுதுவது எப்படி என்று பாடம் நடத்தியவள் நான். மூன்று பக்கம் எழுதினேன். இரண்டு உவமை வைத்தேன். ஆபீசில் மனு வாங்கும் பெண் பொறுமையாகப் படித்துவிட்டு, “ரொம்ப நல்லாருக்கு டீச்சர். ஆனா இதுல என்னா கேக்குறீங்க?” என்றாள். வீட்டுக்கு வந்து யோசித்தேன். உன் அப்பா எவ்வளவு பெரிய கதையைக் கேட்டாலும் கடைசியில், “சரிம்மா. பொருளுன்னு போட்டு ஒரே வரியில எழுதணும். உனக்கு என்னா வேணும்?” என்று கேட்பார். அழுகிறவர்கூட அந்தக் கேள்விக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசிப்பார். நானும் யோசித்து ஒரே வரியில் எழுதினேன். அனுமதி கிடைத்துவிட்டது.

கல்வேலைக்குச் சிதம்பரத்திலிருந்து செம்பியன் வந்தான். அவன் தங்கையின் கல்லூரிச் சேர்க்கைக்கு அப்பா மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். இருக்கையின் முதுகில் ‘அனுப்புநர்’ என்று வெட்டுவதாக ஏற்பாடு. அங்கே உட்காருபவர்தானே அனுப்புபவர். அப்பாவின் கையெழுத்திலேயே இருக்கட்டும் என்று பழைய மனு ஒன்றைக் கொடுத்தோம். வழக்கம்போல அதில் ரெண்டு சுழி ‘ன’ போட்டு ‘அனுப்புனர்’ என்று இருக்கிறது. இந்த ஒரு எழுத்துக்காக அவரோடு எத்தனை வருடச் சண்டை! பஸ்ஸில் ஏறும்போது பாருங்கள், ‘ஓட்டுநர்’ என்று எழுதியிருக்கிறதே, அதே ‘ந’தான் இங்கேயும் என்று உதாரணம் காட்டுவேன். “ந-வோ ன-வோ, மனு போய்ச் சேருதா இல்லியா டீச்சர்?” என்பார். கல்லில் தப்பாக நிற்கக் கூடாது என்று செம்பியனிடம் ‘ந’வாக மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. பலகைக்கல்லில் உன் அப்பாவின் பெயரை வெட்ட, வாரிசின் சம்மதக் கடிதம் வேண்டும் என்கிறார்கள். அது நீ ஒருத்திதான். அரைப் பக்கம் எழுதி அனுப்பினால் போதும்.

நீ எந்த வேலையில் இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.

அன்புடன்,
மாலதி டீச்சர்


மஞ்சக்குப்பம்,
கடலூர்.
16-7-2025

அன்புள்ள ஜான்சிக்கு,

என் கடிதம் கிடைத்ததும் நீ பிரிசில்லாவுக்கு அனுப்பிய செய்தியை அவள் தயங்கித் தயங்கி என்னிடம் படித்துக் காட்டினாள். “கல்லு போட்டுக்கோங்க. அப்பா பேரு வேணாம். ஊருக்கெல்லாம் எழுதுனாரு. அம்மா போனதுலேருந்து எனக்கு ஒரு வரி எழுதல. திங்கக்கிழமைன்னா அவருக்கு நாங்க எங்க ஞாபகம் வந்தோம்?”

நியாயமான குறை. நான் அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் உன் அம்மா போன அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். பத்து வருடமாக அதை வாயில் வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருக்கிறேன். போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். மூன்று பக்கம் எழுதியும் கேட்க வேண்டியதைக் கேட்காதவள்தானே நான். அதே புத்திதான் இங்கேயும்.

அது வெள்ளம் வந்த வருடம். உன் அம்மா மங்கலம் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நீ அங்கேயே நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டு அம்மாவையும் பார்த்துக்கொண்டாய். வெள்ளத்தில் சான்றிதழ் இழந்தவர்கள் மனு கொடுக்க அன்று கடைசி நாள். என் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேரின் மார்க் ஷீட்டும் தண்ணீரோடு போயிருந்தது. அவர்களை அழைத்துக்கொண்டு பத்தரை மணிக்கு மரத்தடிக்குப் போனேன்.

உன் அப்பா அட்டையைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். “டீச்சர், மங்கலத்துக்கு உடம்பு ஜாஸ்தியா இருக்குதாம். பாப்பா போன் பண்ணுச்சு. பதினோரு மணி பஸ்ஸப் புடிக்கணும்” என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, “இந்த ஒன்பது பேர் மட்டும் ஆரோக்கியராஜ். பிள்ளைகள் படிப்பு.”

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். சாக்கை மறுபடி விரித்தார்.

இதில் என் நெஞ்சை அறுப்பது எது தெரியுமா ஜான்சி? அந்த ஒன்பது மனுவையும் நானே எழுதியிருக்கலாம். அதைத்தானே வாழ்நாள் முழுதும் சொல்லிக் கொடுத்தேன். நீச்சல் வாத்தியார் கரையில் நின்றுகொண்டு, தண்ணீரில் விழுந்த பிள்ளையை எடுக்க வேறு ஆளைக் கூப்பிட்ட மாதிரி. அவர் கையெழுத்து என்றால் ஆபீசில் உடனே எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். எழுதத் தெரிந்த நான் பக்கத்தில் நின்று பெயரும் பதிவெண்ணும் வாசித்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு இடத்தில் ‘அனுப்புநர்’ என்று திருத்தவும் செய்தேன். அவர் எழுந்தபோது மணி ஒன்றரை தாண்டிவிட்டது. உன் அம்மா மூன்று மணிக்குப் போய்விட்டாள் என்றும், அவர் வந்து சேர நாலாகிவிட்டது என்றும் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

ஏன் தாமதம் என்று நீ கேட்டபோது அவர் “வேல இருந்துச்சு” என்று மட்டும் சொன்னாராம். என் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துக்கம் கேட்கப் போனபோது நான் அழுதேன். “நீங்க என்னா பண்ணுவீங்க டீச்சர். நான்தான் எழுந்து போயிருக்கணும்” என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பேசியதே இல்லை. எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. நீ ஊருக்கு வருவதை நிறுத்தினாய், அப்புறம் போன் பேசுவதை நிறுத்தினாய். நான் எதிர்ச் சந்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்னொன்று. அப்பா போன அன்று அவருடைய பரீட்சை அட்டையை வினோதினி எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தாள். உன் செய்தியைக் கேட்டதும் உள்ளே போய் எடுத்து வந்தாள். கிளிப்பில் வெள்ளைத் தாள்களுக்கு அடியில், எல்லாவற்றுக்கும் கடைசியாக இருந்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்துதான் பார்த்தோம். நகல் எடுக்கவில்லை. இது ஒன்றுதான் உண்டு, உன்னுடையது.

பார். ‘அனுப்புனர்’ என்று போட்டுத் தன் பெயர். ‘பெறுனர்’ என்று போட்டு உன் பெயர். உன் முகவரி இரண்டு முறை அடித்து மாற்றப்பட்டிருக்கிறது: சிதம்பரம் ஹாஸ்டல், பிறகு சென்னை, பிறகு அயர்லாந்து. தேதியை நான்கு முறை மாற்றியிருக்கிறார், நான்கும் வேறு வேறு வருடம். அதன் கீழே, மனுவில் எழுதுவது போலவே, ‘அம்மா,’ என்று விளித்திருக்கிறார். மனு வழக்கத்தில் எழுதினாரா, உன்னைக் கூப்பிட்டாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வரியில் ‘பொருள்:’ என்று இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ஊரில் யார் வந்து எதைச் சொன்னாலும் அதன் பொருளை ஒரே வரியில் எழுதியவர் அவர்.

பெயர் வேண்டாம் என்பது உன் முடிவானால் கல் வெறுமையாகவே இருக்கும், உன்னைக் குறை சொல்ல இங்கே யாருமில்லை. நான் கேட்பது வேறு. அவர் மேல் உனக்கு இருக்கும் கோபத்தில் என் பங்கைப் பிரித்து எடுத்து என் பெயரில் எழுதிக்கொள். மீதி இருப்பது எவ்வளவு என்று அதற்கப்புறம் பார்.

உன் மன்னிப்பைக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. நீ நன்றாக இரு தாயே.

மாலதி டீச்சர்


மஞ்சக்குப்பம்,
கடலூர்.
7-10-2025

அன்புள்ள ஜான்சிக்கு,

உன் கடிதம் ஆவணி கடைசியில் வந்தது. அஞ்சல்காரர் வெளிநாட்டு ஸ்டாம்பைப் பார்த்துவிட்டு, சடையப்பன் கடையில் நின்று அறிவித்துவிட்டுத்தான் எனக்குக் கொண்டுவந்தார். அதனால் நான் உறையைப் பிரிக்கும்போது என்னைச் சுற்றிப் பதினைந்து பேர்.

ஒரே தாள். ‘பொருள்: என் அப்பா ஆரோக்கியராஜ் பெயரைக் கல்லில் வெட்டுவது.’ கீழே, ‘வெட்டலாம்.’ அவ்வளவுதான். ஆபீசில் அந்தப் பெண் படித்துவிட்டு, “இது அவரு பொண்ணு எழுதுனதுதான், சந்தேகமே இல்ல” என்று முத்திரை போட்டுவிட்டாள்.

நான் தாளின் தலைப்பைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ‘அனுப்புனர்’ என்று எழுதியிருக்கிறாய். பத்தாம் வகுப்பில் நீ ஒருமுறைகூட இந்தத் தப்பைச் செய்ததில்லை. உன் தாளைத் திருத்தியவள் நான், எனக்குத் தெரியும். செம்பியன் எட்டிப் பார்த்தான். “என்னா டீச்சர், அவரும் ரெண்டு சுழி, அவுரு பொண்ணும் ரெண்டு சுழி. நீங்க ஒருத்தர்தான் வேறயா சொல்றீங்க. நான் எத வெட்ட?” என்றான். அவர் எழுதியதையே வெட்டு என்றேன். இனி வழியில் போகிற தமிழ் வாத்தியார்கள் எல்லாம் அந்தக் கல்லைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்வேன்.

நேற்றுத் திங்கட்கிழமை. மேளம், மைக் எதுவும் வைக்கவில்லை. பிரிசில்லா வந்து ஜெபம் சொன்னாள். சடையப்பன் கற்பூரம் காட்டினான். முதலில் கொளஞ்சியம்மாளை உட்காரச் சொன்னோம். உட்கார்ந்து, சாய்ந்து, காலை ஆட்டிப் பார்த்தார். “எனக்கு ஒரு கொறையும் இல்ல. சும்மா குந்திப் பாத்தேன்” என்றார். “கொறை இல்லாதவங்களுக்கு இங்க எடம் கிடையாது, எழுந்திரு ஆயா” என்று சடையப்பன் விரட்டினான். “அப்ப எழுதிக்க டீச்சர். இவன் டீயில பாலே இல்ல” என்றார். எல்லோரும் சிரித்தோம். அதற்கு மேல் பதினொரு பேர் வந்தார்கள். தாழ்ந்த கல்லில் உட்கார்ந்து எழுதினேன். என் முட்டிக்கு அது மகா கஷ்டம். ஆனால் அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் உட்கார்ந்திருப்பவர் முகம் மரத்தின் பச்சையோடு சேர்ந்து தெரிகிறது. அப்பா ஏன் அந்த இடத்தை விடவில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

வடக்கே மேகம் கட்டுகிறது. இந்த வருடம் மழை சீக்கிரம் வரும் போலிருக்கிறது. அங்கே குளிருக்கு நல்ல ஸ்வெட்டர் வைத்திருக்கிறாயா?

ஜான்சி, போன கடிதத்தில் நான் சொன்னதைப் பற்றி நீ ஒரு எழுத்தும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. அப்பாவுக்குப் பத்து வருடம் வராத வரி உனக்கு இரண்டு மாதத்தில் வந்துவிடுமா? ஆனால் எப்போதாவது ஊருக்கு வந்தால், எந்தக் கிழமையானாலும் சரி, மரத்தடிக்கு வா. அந்த உயரமான கல்லில் நீ உட்கார். நான் எதிரில் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன், பலகைக்கல் அப்பாவுக்கே இருக்கட்டும். என் மேல் உனக்கு இருக்கிற குறையைச் சொல். எவ்வளவு நேரமானாலும் சொல். எந்த பஸ்ஸும் பிடிக்க வேண்டியதில்லை. ஒரு வார்த்தையும் திருத்தாமல், நீ சொன்னபடியே எழுதிக்கொள்கிறேன்.

அனுப்புனர் நீ. பெறுனர் நான்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
மாலதி டீச்சர்